கையெழுத்துக்குப் பிறகும் ஒரு கேள்வி
நீதி தேடிய நகரங்கள் – 17

பெங்களூரின் தெற்கு எல்லையில் இருக்கும் பேகூர் பழைய ஊர். அங்குள்ள நாகேஸ்வரர் கோயிலில் ஒரு வீரக்கல் இருக்கிறது; காலம் சுமார் கி.பி. 890. பெங்களூரில் நடந்த சண்டையில் மாண்ட ஒருவனுக்காக வெட்டியது. இந்த நகரத்தின் பெயர் பொறித்த மிகப் பழைய கல் என்று ஆய்வாளர்கள் அதைத்தான் காட்டுகிறார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, அதே பேகூரின் பெயர் இந்திய நுகர்வோர் சட்டத்தின் முக்கியமான ஒரு தீர்ப்பில் ஏறியது. அங்கே அடுக்குமாடி வீடு வாங்கிய 339 பேர் நடத்திய வழக்கு அது. சென்ற இதழில் பார்த்த லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கு, வீடு கட்டித் தருவதும் ஒரு ‘சேவை’தான் என்பதை 1993-இல் நிலைநாட்டியது. அந்தச் சேவை ஒப்பந்தப்படி நடக்கவில்லை என்றால் என்ன கிடைக்கும் என்ற கேள்வியில் பேகூர் வழக்கு தொடங்குகிறது.

திட்டத்தின் பெயர் ‘வெஸ்ட்எண்ட் ஹைட்ஸ்’. டி.எல்.எஃப். சதர்ன் ஹோம்ஸ் நிறுவனமும் அனபெல் பில்டர்ஸ் என்ற நிறுவனமும் சேர்ந்து பேகூரில் 27.5 ஏக்கரில் 1,980 வீடுகள் கட்ட முன்வந்தன. விளம்பரத்தில் அந்த இடம் ‘பி.டி.எம். எக்ஸ்டென்ஷன்’ ஆனது. 2009 வாக்கில் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகின. கையெழுத்தான நாளிலிருந்து 36 மாதத்தில் வீடு கையில் வரும் என்பது வாக்கு.

அந்த ஒப்பந்தத்தின் இரண்டு பிரிவுகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் வழக்கு முழுவதும் புரிந்துவிடும். வாங்குபவர் தவணையைத் தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி கட்ட வேண்டும். 90 நாள் தாண்டினால் அதற்கு மேல் இன்னும் 3 சதவீதம். கட்டுபவர் வீட்டைத் தாமதித்தால்? மாதம் ஒன்றுக்குச் சதுர அடிக்கு 5 ரூபாய்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,500 சதுர அடி வீடு என்றால் கட்டுபவர் தர வேண்டியது மாதம் 7,500 ரூபாய். அந்த வீட்டுக்கு ஒருவர் 50 லட்சம் கட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவருக்கு விதித்த அதே 18 சதவீதத்தைக் கட்டுபவர் மீது போட்டால் மாதம் 75,000 ரூபாய் வரும். ஒரே தாளில், ஒரே மையில், இரண்டு தரப்புக்கும் பத்து மடங்கு வித்தியாசம்.

36 மாதம் முடிந்தது, வீடு வரவில்லை. இரண்டு ஆண்டிலிருந்து நான்கு ஆண்டு வரை இழுத்தது. இந்த நகரத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த இடைக்காலம் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் வாடகை, மறுபக்கம் வங்கிக்கு இ.எம்.ஐ. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் வீட்டு உரிமையாளர்கள், ஆண்டுக்கு ஒருமுறை ஏறும் வாடகை, ‘அடுத்த வருஷம் சொந்த வீட்டுக்குப் போயிடுவோம்’ என்று பள்ளி மாற்றாமல் தள்ளிப்போட்ட குழந்தைகள். ஐ.டி. வேலைக்காக வந்த எத்தனையோ குடும்பங்கள் இதை அனுபவித்திருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து ஓசூர் சாலை வழியாக வந்து குடியேறியவர்களும் அதில் சேர்த்தி. மாதம் 7,500 ரூபாயில் இவர்களில் யாருக்கும் வாடகை கூடத் தேறியிருக்காது.

ஆனால் சட்டத்தின் பழைய முகம் இவர்களைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்கும்: படித்துப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீர்கள்?

அந்தக் கேள்விக்கு வயது அதிகம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் விருப்பத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டைப் புனிதமாகப் பார்த்தது. அதன் 74-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே எழுதியிருந்தால், நியாயமான இழப்பீடு அந்தத் தொகையைத் தாண்டக் கூடாது என்கிறது. பேரம் பேசும் வலிமை இரு தரப்புக்கும் ஏறக்குறைய சமமாக இருக்கும் இடத்தில் இது நல்ல விதிதான். இரண்டு பஞ்சு வியாபாரிகள் உட்கார்ந்து வரிக்கு வரி பேசி எழுதிய ஒப்பந்தத்தில் நீதிமன்றம் ஏன் தலையிட வேண்டும்? ஒரு தரப்பு அச்சடித்துக் கொண்டுவந்த நாற்பது பக்கத்தில் மறுதரப்பு ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது என்னும்போதுதான் விதி தடுமாறுகிறது.

1984-இல் மத்திய சட்ட ஆணையம் தனது 103-ஆவது அறிக்கையை முழுக்க இந்தத் தடுமாற்றத்துக்கே ஒதுக்கியது. மனசாட்சிக்கு ஒவ்வாத ஒப்பந்தப் பிரிவுகளை நீதிமன்றம் ஒதுக்கித்தள்ள வழிசெய்து ஒப்பந்தச் சட்டத்திலேயே ஒரு பிரிவைச் சேர்க்கச் சொன்னது. நாடாளுமன்றம் சேர்க்கவில்லை. ஆனால் 1986 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழியில் அந்தக் கதவைத் திறந்தது. மத்திய உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக் கழகத்தின் ஊழியர்களை மூன்று மாத நோட்டீஸில் வேலையை விட்டு அனுப்பலாம் என்ற விதி செல்லாது என்றது. பேரம் பேசவே வாய்ப்பில்லாதவர் கையெழுத்திட்ட நியாயமற்ற நிபந்தனையை அமல்படுத்த நீதிமன்றம் துணைபோகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அது தொழிலாளர் வழக்கு. நுகர்வோருக்கு அதன் பயன் வந்து சேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

அதே ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். அந்த நாளைத்தான் தேசிய நுகர்வோர் நாளாகக் கொண்டாடுகிறோம். அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் ஐ.நா. பொதுச் சபை நுகர்வோர் பாதுகாப்புக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றிருந்தது. அந்த அலையில் வந்த சட்டம் இது. வக்கீல் கட்டாயமில்லை, தொடக்கத்தில் கட்டணமும் இல்லை, மாவட்டந்தோறும் மூன்று பேர் கொண்ட மன்றம், அதில் ஒருவர் பெண். அப்போது ஒரு லட்சம் வரை மாவட்ட மன்றம், பத்து லட்சம் வரை மாநில ஆணையம், அதற்கு மேல் டெல்லியில் தேசிய ஆணையம். பழுதான டி.வி., வராத கேஸ் சிலிண்டர், தொலைந்துபோன கூரியர் என்று சிறு வழக்குகளில் கைபழகிய சட்டம், 1993-க்குப் பிறகு வீட்டு வழக்குகளுக்கு வந்தது.

பெங்களூரு நகரம் விரிந்ததும் அந்தப் பத்திருபது ஆண்டுகளில்தான். ஏரிக்கரைகளிலும் ராகித் தோட்டங்களிலும் கோபுரங்கள் எழுந்தன. கர்நாடகத்தில் அடுக்குமாடி விற்பனையை ஒழுங்குபடுத்த 1972-லேயே சட்டம் போட்டிருந்தார்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு போனவர்கள் குறைவு. போனாலும் சிவில் வழக்கு, வருடக்கணக்கு. கட்டுபவர் எழுதிய ஒப்பந்தம்தான் நடைமுறையில் சட்டமாக இருந்தது.

பேகூர் வீடுகள் கடைசியில் தயாரானபோது இன்னொரு சிக்கல் காத்திருந்தது. என் பார்வையில் இந்த வழக்கின் மையமே அதுதான். வீடு தயார், கிரயப் பத்திரம் பதிவு செய்ய வாருங்கள் என்று அழைப்பு வருகிறது. வாங்குபவர் கேட்கிறார்: ‘தாமதத்துக்கான இழப்பீடு கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்காமல், அதைக் குறிப்பிட்டுக் கையெழுத்துப் போடலாமா?’ ஆட்சேபத்தோடு, நிபந்தனையோடு போடும் கையெழுத்தை ஏற்க முடியாது என்ற தொனியில் நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. அந்தக் கடிதப் போக்குவரத்து நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. அதை நிறுவனம் மறுக்கவில்லை.

அந்த மேசையில் உட்கார்ந்து பாருங்கள். கையில் பேனா. எதிரே பத்திரம். ‘எனக்குத் தர வேண்டியது பாக்கி இருக்கிறது’ என்று ஒரு வரி எழுதினால் சாவி கிடைக்காது. எழுதாமல் கையெழுத்துப் போட்டால், நாளைக்கு வழக்கு என்று போகும்போது ‘எல்லாம் முடிந்தது என்று ஒத்துக்கொண்டுதானே கிரயம் செய்தார்’ என்று அந்தத் தாளையே எடுத்துக் காட்டுவார்கள். நான்கு வருடமாக வாடகையும் இ.எம்.ஐ.யும் சேர்த்துக் கட்டியவர் என்ன செய்வார்? பலர் கையெழுத்துப் போட்டார்கள். சாவி வாங்கினார்கள். 339 பேர் ஒன்றாகச் சேர்ந்து தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார்கள். மனுதாரர் பட்டியலில் முதலில் நின்றவர் விமானப் படை அதிகாரி ஒருவர்.

2019 ஜூலை 2-ஆம் தேதி ஆணையம் புகாரைத் தள்ளுபடி செய்தது. ஒப்பந்தத்தில் சதுர அடிக்கு 5 ரூபாய் என்று இருக்கிறது. அதற்கு மேல் கேட்க இடமில்லை என்பது அதன் முடிவு. நுகர்வோருக்கென்றே உண்டாக்கிய உச்ச அமைப்பு 1872-இன் கேள்வியையே திருப்பிக் கேட்டது. இதில் எனக்கு வியப்பைவிட வருத்தம்தான் அதிகம். ஏனென்றால் அதற்கு மூன்றே மாதம் முன்பு, 2019 ஏப்ரல் 2-ஆம் தேதி, பயனியர் அர்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி சொல்லியிருந்தது. குர்கான் வீடு ஒன்றைப் பற்றிய வழக்கு அது. ஒருதலைப்பட்சமாக எழுதிய ஒப்பந்தப் பிரிவுகளை வாங்குபவர் மீது திணிப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று நீதிபதிகள் யு.யு. லலித்தும் இந்து மல்ஹோத்ராவும் எழுதியிருந்தார்கள். அங்கேயும் ஒரு பக்கம் 18 சதவீதம், மறுபக்கம் அதில் பாதிதான்.

பேகூர் மக்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2020 ஆகஸ்ட் 24-ஆம் தேதி நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், கே.எம். ஜோசப் அமர்வு ஆணையத்தின் உத்தரவை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் சந்திரசூட். பெருந்தொற்றுக் காலம்; அரை நாடு வீட்டுக்குள் அடைந்திருந்த நேரத்தில் வீட்டைப் பற்றிய தீர்ப்பு வந்தது.

நிறுவனத் தரப்பின் வாதங்களில் ஒன்று கேட்க நியாயமாகவே தோன்றும். வேண்டாம் என்றால் பணத்தை வட்டியோடு திருப்பி வாங்கிக்கொண்டு விலகிக்கொள்ள வாய்ப்புக் கொடுத்தோமே, விலகாமல் இருந்தது அவர்கள் விருப்பம்தானே என்ற வாதம். நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. வீடு வாங்க வந்தவருக்கு வேண்டியது வீடு. அவர் வீட்டை விட மாட்டேன் என்று உறுதியாக நிற்பதனாலேயே தாமதத்துக்கான இழப்பீட்டை இழந்துவிட மாட்டார். பணம் திரும்ப வருவது அவருக்கு ஈடாகாது. நான்கு ஆண்டு கழித்துக் கிடைக்கும் அசலும் வட்டியும் அதே பகுதியில் அதே அளவு வீட்டை வாங்கித் தராது என்பது பெங்களூரில் மனை விலை பார்த்த எவருக்கும் தெரியும்.

கிரயப் பத்திர விவகாரத்திலும் நீதிமன்றம் தெளிவாகப் பேசியது. வீட்டைக் கேட்பதா, இழப்பீட்டைக் கேட்பதா என்று இரண்டில் ஒன்றை விடும்படி வாங்குபவரை நெருக்குவது நியாயமில்லை. பத்திரம் பதிவானதாலேயே நுகர்வோர் மன்றத்துக்குப் போகும் உரிமை அழிந்துவிடாது. இந்தத் தீர்ப்பில் அடுத்தவர்களுக்கு அதிகம் பயன்பட்ட வாசகம் இதுதான் என்பேன். ஏனென்றால் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் எவரும் அதை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போடலாம்.

பிறகு 5 ரூபாய்ப் பிரிவு. ஒப்பந்தத்தில் எழுதிய தொகைதான் எல்லை என்ற வாதம், பேரம் பேசும் வலிமை சமமாக இருந்திருந்தால் எடுபட்டிருக்கும். இங்கே ஒப்பந்தம் ஒரே அச்சில் வார்த்தது. வாங்குபவர் எழுதிய சொல் அதில் ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட பிரிவு, நியாயமான இழப்பீடு தரும் நுகர்வோர் மன்றத்தின் அதிகாரத்தைக் கட்டிப்போடாது என்றது நீதிமன்றம். உத்தரவு இதுதான்: 36 மாதம் முடிந்த நாளிலிருந்து, குடிபுகும் சான்று வந்து வீட்டைத் தர முன்வந்த நாள் வரை, அவரவர் கட்டிய மொத்தத் தொகைக்கு ஆண்டுக்கு 6 சதவீதம் தனிவட்டி. ஏற்கெனவே கொடுத்த 5 ரூபாய்க் கணக்கு தனி. இது அதற்கு மேல். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 9 சதவீதம் ஏறும். தனியே சமரசம் செய்துகொண்டவர்களுக்கும், தங்கள் உரிமையை விற்றுவிட்டவர்களுக்கும் இது பொருந்தாது.

நாம் முன்பு எடுத்துக்கொண்ட 50 லட்சம் வீட்டுக்கு 6 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 3 லட்சம். 5 ரூபாய்க் கணக்கில் வரும் 90,000-ஐயும் சேர்த்தால் 3,90,000. ஒப்பந்தம் சொன்னதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். ஆனாலும் இது போதுமா என்று கேட்டால், போதாது என்றுதான் சொல்வேன். அந்த ஆண்டுகளில் வீட்டுக் கடன் வட்டி 9, 10 சதவீதத்துக்குக் கீழே போனது அரிது. வாங்கியவர் வங்கிக்குக் கட்டிய வட்டியைக்கூட இந்த 6 சதவீதம் ஈடுசெய்யவில்லை. மனவேதனைக்கும், பெங்களூருக்கும் டெல்லிக்கும் அலைந்த செலவுக்கும் தனிக்கணக்கு இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி கேபிடல் கிரீன்ஸ் வழக்கில் ஆணையம் தந்திருந்த 7 சதவீதத்தைக்கூட உச்ச நீதிமன்றம் 6 ஆகக் குறைத்தது. கொள்கையில் தாராளமாகவும் கணக்கில் சிக்கனமாகவும் இருப்பது நம் நீதிமன்றங்களின் பழைய பழக்கம். நிறுவனம் ஒன்று தாமதத்தை ஒரு மலிவான கடனாகப் பார்க்காமல் இருக்க வேண்டுமென்றால், தாமதத்தின் விலை வங்கிக் கடனின் விலையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 6 சதவீதம் அதைச் செய்யாது.

பேகூர்க்காரர்கள் 339 பேர் தேவைப்பட்டது ஏன் என்பதும் ஒரு வரலாறு. தனியாளாக ஒருவர் டெல்லி வரை போய் ஒரு பெரிய நிறுவனத்தின் வழக்கறிஞர் படைக்கு எதிரே நிற்பது நடக்கிற காரியமில்லை. செலவைப் பங்கிட்டால்தான் வழக்கு உயிரோடு இருக்கும். 1986 சட்டத்திலேயே, ஒரே குறையுள்ள பலருக்காகச் சிலர் வழக்குப் போட ஒரு வழி உண்டு. அதற்குப் பதிலாக வந்த 2019 நுகர்வோர் சட்டத்திலும் 35-ஆவது பிரிவில் அது தொடர்கிறது. அந்த வழியின் அகலம் எவ்வளவு என்பதைத் தீர்த்ததும் ஒரு பெங்களூரு வழக்குதான்.

ஒயிட்ஃபீல்டில் ‘பிரிகேட் லேக்ஃபிரன்ட்’ குடியிருப்பு: ஆம்பர், ப்ளூ, கிரிம்சன் என்று மூன்று பிளாக்குகள், மொத்தம் 1,134 வீடுகள். 51 வீடுகளை வாங்கிய 91 பேர், தாமதத்துக்கு இழப்பீடு கேட்டு, 1,134 வீட்டுக்காரர்களின் சார்பாகவும் புகார் கொடுத்தார்கள். தேசிய ஆணையம் அனுமதித்தது. நிறுவனம் உச்ச நீதிமன்றம் போனது. 2021 டிசம்பர் 17-இல் நீதிபதிகள் ஹேமந்த் குப்தா, வி. ராமசுப்பிரமணியன் அமர்வின் தீர்ப்பு வந்தது. ராமசுப்பிரமணியன் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்தவர். அவர் எழுதிய தீர்ப்பு இரண்டு பக்கமும் பார்த்தது. மூன்று பிளாக்குகளிலும் தாமதம் ஒரே அளவில் இல்லை. எல்லாருக்கும் ஒரே நலன் என்பதைப் புகாரில் போதிய அளவு எடுத்துச் சொல்லவும் இல்லை. எனவே 1,134 பேருக்காகவும் பேச முடியாது. ஆனால் அதனால் அந்த 91 பேரும் தனித்தனியாகப் போய் 51 வழக்குப் போட வேண்டியதில்லை. அவர்கள் தங்களுக்காக மட்டும் கூட்டாக ஒரே புகாரைத் தொடரலாம். கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கிய வீட்டுக்கு இருவரும் சேர்ந்து புகார் கொடுப்பதை யாரும் தடுப்பதில்லையே என்ற எளிய உதாரணத்திலிருந்து அவர் அந்த இடத்துக்கு வருகிறார்.

இதன் நடைமுறைப் பயன் பெரிது. குடியிருப்போர் சங்கத்தில் எல்லாரையும் இழுக்க வேண்டியதில்லை. பயப்படுபவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், ‘எதுக்குங்க வம்பு’ என்று ஒதுங்குபவர்கள் போக, துணிந்த இருபது பேர் சேர்ந்தாலே ஒரு வழக்கு.

இதுவரை சொன்னது குடியிருக்க வீடு வாங்கியவர்களின் கதை. ஒரு நிறுவனத்தால் நஷ்டப்பட்ட இன்னொரு நிறுவனம் என்ன செய்யும்? பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருப்பவர், கோரமங்களாவில் நாலு கம்ப்யூட்டரோடு தொழில் தொடங்கியவர்? இங்கே சட்டம் சட்டென்று கைச் சுருக்கம் காட்டுகிறது. வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்பது 1986-லிருந்து இருக்கும் விதி.

இந்த எல்லையைக் கோடு போட்டுக் காட்டிய வழக்கில் நம் கோயம்புத்தூர் வருகிறது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம் கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரம் ஒன்றை வாங்கியது. இயந்திரம் தாமதமாக வந்தது, பழுதும் இருந்தது என்பது புகார். 1995 ஏப்ரலில் நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு, வாங்கியவர் நுகர்வோர் இல்லை, சிவில் நீதிமன்றம் போகட்டும் என்றது. ஆனால் அதே தீர்ப்பு கோட்டின் இந்தப் பக்கம் நிற்பவர்களையும் அடையாளம் காட்டியது. தானே தட்டச்சு செய்து பிழைக்கத் தட்டச்சு இயந்திரம் வாங்கியவர், தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்கியவர், தானே இயக்க லேத் வாங்கியவர் ஆகியோர் வருமானம் ஈட்டினாலும் நுகர்வோர்தான். சுயதொழிலால் வயிறு வளர்ப்பவரைச் சட்டம் கைவிடவில்லை. 2019 நவம்பரில் மும்பை லீலாவதி மருத்துவமனை அறக்கட்டளை வழக்கில், செவிலியர் தங்க 29 வீடு வாங்கிய அறக்கட்டளையும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வாங்கியது யார் என்பதைவிட, வாங்கியதன் முதன்மை நோக்கம் லாபத்தோடு நேரடியாகப் பின்னியதா என்பதுதான் கேள்வி.

பத்து ஆள் வைத்து வேலை வாங்கும் பட்டறைக்காரருக்கு இந்தக் கோடு உதவாது. அவருக்கு இருப்பவை வேறு வழிகள். பெரிய நிறுவனம் பில் தொகையை இழுத்தடித்தால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் 45 நாள் கெடு வைக்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. வாசிக்கும்போது மிக வலுவான சட்டம். ஆனால் அடுத்த ஆர்டரும் அதே நிறுவனத்திடமிருந்துதான் வர வேண்டும் என்ற நிலையில் இருப்பவர் அதை எடுத்துப் பயன்படுத்தத் தயங்குகிறார். பேகூரில் சாவிக்காகக் கையெழுத்துப் போட்டவர்களின் நிலைதான் இவருக்கும். அவர்கள் ஒருமுறை போட்டார்கள், இவர் மாதாமாதம் போடுகிறார். சந்தையை வளைக்கும் பெருநிறுவனங்களுக்கு எதிராக 2002-இன் போட்டிச் சட்டம் இருக்கிறது. சென்னையின் மேட்ரிமோனி டாட் காம் தொடுத்த புகாரில் 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விழுந்தது. புகார் கொடுத்தது 2012-இல். ஆறு ஆண்டு காத்திருக்கும் தெம்பு எத்தனை சிறு நிறுவனத்துக்கு இருக்கும்?

பேகூர் வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே வீட்டு விஷயத்தில் புதிய சட்டம் ஒன்று வந்துவிட்டது. ‘ரெரா’ என்று எல்லாரும் சொல்லும் 2016-ஆம் ஆண்டுச் சட்டம், 2017 மே 1 முதல் முழுமையாக அமலானது. பேகூர் ஒப்பந்தத்தின் இரு பிரிவுகளுக்கு இடையிலிருந்த பள்ளத்தை அது நேராகவே நிரப்பியது: வாங்குபவர் தாமதித்தாலும் கட்டுபவர் தாமதித்தாலும் வட்டி விகிதம் ஒன்றே. கர்நாடக விதிகளின்படி அது ஸ்டேட் வங்கியின் உச்சக் கடன் விகிதத்துக்கு மேல் 2 சதவீதம். விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டுமென்றால் முதலில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். வசூலிக்கும் தொகையில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். ரெராவுக்குப் போனவர் நுகர்வோர் ஆணையத்தை மறக்க வேண்டியதில்லை, இரண்டும் உண்டு, எதில் போவது என்பது வாங்கியவரின் விருப்பம் என்பதை 2020 நவம்பரில் இம்பீரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டமோ ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்பதற்குச் சட்டத்திலேயே வரையறை தந்து, அதை எதிர்த்து மாநில ஆணையத்துக்கே போகலாம் என்றது. 1984-இல் சட்ட ஆணையம் கேட்டது 36 ஆண்டு கழித்து வேறொரு சட்டத்தின் வழியாக வந்தது.

தீர்ப்பு வாங்குவது ஒரு வேலை, பணத்தை வாங்குவது இன்னொரு வேலை. பெங்களூரு மிஷன் ரோட்டில் இருக்கும் கர்நாடக ரெரா ஆணையம் வட்டியோடு பணம் தரச் சொல்லி உத்தரவிடுகிறது. கொடுக்காவிட்டால் வசூல் சான்று எழுதி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புகிறது. அங்கிருந்து அது தாசில்தாருக்குப் போகும்; நில வரி பாக்கியை வசூலிப்பது போல இதையும் வசூலிக்க வேண்டும். தாசில்தாருக்கு இது ஆயிரத்தெட்டு வேலைகளில் ஒன்று. நிறுவனத்தின் பெயரில் எஞ்சியிருக்கும் சொத்து எது, அது எந்த வங்கியில் அடமானத்தில் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்க அவரிடம் ஆளும் இல்லை, நேரமும் இல்லை. உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைபவர்கள் இன்றும் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். சட்டத்தை எழுதியவர்கள் வசூலுக்கென்று தனி அதிகாரியை ஆணையத்திலேயே வைத்திருக்க வேண்டும். அந்த ஓட்டையை அடைக்காமல் புதுப்புது உரிமைகளைச் சேர்த்துக்கொண்டே போவதில் பயன் குறைவு.

நிறுவனம் கடனில் மூழ்கி ஓடிவிட்டால் நிலைமை இன்னும் சிக்கல். 2018-இல் திவால் சட்டத்தைத் திருத்தி, வீடு வாங்கியவர்களையும் நிதிக் கடன் கொடுத்தவர்களாகக் கடன்காரர் குழுவில் உட்காரவைத்தார்கள். 2019 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. ஆனால் அங்கே வங்கிகளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாக்களிப்பதும், போட்ட பணம் முழுதாகத் திரும்புவதும் ஒன்றல்ல.

வீடு, இயந்திரம், பில் பாக்கி ஆகியவற்றில் பொருள் ஒன்றாவது கண்ணுக்குத் தெரியும். வெறும் நம்பிக்கையை மட்டும் விற்ற நிறுவனத்திடம் சேமிப்பைக் கொடுத்தவர்கள் எங்கே போவார்கள்? 2019 ஜூனில் சிவாஜிநகர் லேடி கர்சன் சாலையில் ஐ.எம்.ஏ. என்ற முதலீட்டு நிறுவனத்தின் அலுவலகத்துக்கு முன் கூடிய கூட்டத்தையும், அவர்களுக்காகக் கர்நாடகம் எடுத்துப் பயன்படுத்திய 2004-ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தையும், அதற்கு முன்னோடியான தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)